எக்ஸிட் கேட்ட ஊர்கள்

அமெரிக்காவில் 66 என்ற எண்ணுள்ள ஒரு நெடுஞ்சாலை இருந்தது. 'இருந்தது' என்றுதான் சொல்லவேண்டும். 1985 ஜூன் 27 அன்று அந்த நாட்டு மாநில நெடுஞ்சாலை அதிகாரிகளின் சங்கம் அந்த எண்ணைத் தங்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. சாலையை யாரும் தோண்டி எடுக்கவில்லை. தார் அப்படியே கிடந்தது, பல இடங்களில் இன்றும் கிடக்கிறது. எண் மட்டும் போயிற்று. அதற்கு எட்டு மாதம் முன்பு, 1984 அக்டோபர் 13-ல், அரிசோனா மாநிலத்தில் வில்லியம்ஸ் என்ற சின்ன ஊரைச் சுற்றி பைபாஸ் திறந்திருந்தார்கள். அந்தச் சாலையில் கடைசியாக ஒதுக்கப்பட்ட ஊர் அதுதான்.

நான் நெடுஞ்சாலைத் துறையில் வரைபடப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பது வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். பைபாஸ் கோடு முதலில் விழுவது எங்கள் மேஜையில்தான். வரைபடத்தில் ஊர் என்பது ஒரு சாம்பல் நிறத் திட்டு. கோடு அதைத் தொடாமல் வளைந்து போகவேண்டும், அவ்வளவுதான். மகள் ஃபீனிக்ஸில் இருப்பதால் மூன்று முறை அரிசோனா போய்வந்தேன். மூன்று முறையும் மாப்பிள்ளையை நச்சரித்து அந்தப் பழைய சாலையில் கொஞ்ச தூரமாவது போய்ப் பார்த்தேன். ஊரே கிராண்ட் கேன்யன் பார்க்கப் போகும்போது அப்பா மூடிக்கிடக்கும் பெட்ரோல் பங்க்கைப் படம் எடுக்கிறாரே என்று மகளுக்கு வருத்தம்.

பைபாஸ் வந்ததால் ஊர்கள் படுத்துவிட்டன என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது சரிதான், ஆனால் பாதிதான் சரி. அந்த ஊர்கள் அதற்கு முன்பும் வழி மாறிப்போய்ப் பிழைத்தவை. இந்த முறை மட்டும் ஏன் எழுந்திருக்க முடியவில்லை என்பதுதான் எனக்குக் கேள்வியாக இருந்தது.

கொஞ்சம் பின்னால் போகவேண்டும். அந்தப் பகுதியின் சின்ன ஊர்களில் பலவற்றை உண்டாக்கியது கார் அல்ல, ரயில். 1880-களில் நியூ மெக்சிகோ, அரிசோனா, கலிஃபோர்னியா பாலைவனங்களைத் தாண்டி ரயில் பாதை போட்டார்கள். நீராவி எஞ்சினுக்குச் சில மைலுக்கு ஒரு முறை தண்ணீர் வேண்டும். அதனால் வரிசையாக நிறுத்தங்கள் வந்தன. மொஹாவி பாலைவனத்தில் பெயர் வைக்கக்கூட யாரும் சிரமப்படவில்லை. ஆம்பாய், பிரிஸ்டல், கேடிஸ், டான்பி என்று ஆங்கில அகரவரிசையில் ஆரம்பித்து ஃபென்னர், காஃப்ஸ் என்று வைத்துக்கொண்டே போனார்கள். வைத்தவர் லூயிஸ் கிங்மன் என்ற ரயில்வே எஞ்சினியர். அவர் பெயரிலும் அரிசோனாவில் ஓர் ஊர் இருக்கிறது. செலிக்மன் என்ற ஊருக்கு அந்த ரயில் பாதைக்குப் பணம் போட்ட நியூயார்க் வங்கிக்காரச் சகோதரர்களின் பெயர். ஆக, வழிப்போக்கனுக்காகவே பிறந்த ஊர்கள் இவை. வயல் கிடையாது, ஆறு கிடையாது. ஆம்பாயில் நிலத்தடி நீர்கூட உப்பு. குடிதண்ணீர் ரயிலில்தான் வந்தது.

பிறகு கார் வந்தது. ஓக்லஹோமாவில் டல்சா என்ற ஊரில் சைரஸ் ஏவரி என்பவர் எண்ணெய், நிலம் என்று வியாபாரம் செய்துகொண்டிருந்தார். சாலைகளுக்கு நாடு முழுவதும் ஒரே முறையில் எண் கொடுக்க அமைத்த குழுவில் அவரும் ஒருவர். சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை தன் ஊர் வழியாக ஒரு சாலை போகவேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு 60 என்ற எண் கேட்டார். பூஜ்யத்தில் முடியும் எண் என்றால் பெரிய சாலை என்று அர்த்தம். கென்டக்கி மாநில கவர்னர் அந்த எண் எங்களுக்கு வேண்டும் என்று சண்டை பிடித்தார். கடைசியில் 1926-ல் ஏவரி 66-க்கு ஒத்துக்கொண்டார். எண்ணுக்காக இப்படி அடித்துக்கொண்டார்களே என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் வரைபடத்தில் பெரிய எழுத்தில் அச்சாகும் எண்தான் ஊருக்கு வண்டியைக் கொண்டுவரும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

மொத்தம் சுமார் 2,400 மைல். புதிதாகப் போட்ட சாலை என்று நினைத்துவிடாதீர்கள். ஏற்கெனவே இருந்த ஊர்த் தெருக்களையும் வண்டிப் பாதைகளையும் கோத்துக் கட்டிய மாலை. முழுவதும் தார், கான்கிரீட் ஆனது 1938-ல்தான். நெடுஞ்சாலையே ஊரின் கடைத்தெரு. சிகாகோவிலிருந்து வருகிறவன் ஒவ்வோர் ஊரிலும் சலூன் வாசலையும் தபால் ஆபீஸையும் தாண்டித்தான் போகவேண்டும். வண்டி சூடானால் அங்கேயே நிறுத்துவான், பசித்தால் அங்கேயே சாப்பிடுவான், இருட்டினால் அங்கேயே தங்குவான். 1930-களில் புழுதிப்புயலிலும் பஞ்சத்திலும் நிலத்தை இழந்த ஓக்லஹோமா விவசாயிகள் பாத்திரம் பண்டத்தை ஏற்றிக்கொண்டு கலிஃபோர்னியாவுக்குப் போனதும் இதே சாலையில்தான். ஸ்டைன்பெக் 1939-ல் அவர்களைப் பற்றி நாவல் எழுதி இந்தச் சாலையைத் தாய் என்று அழைத்த பிறகு அதற்கு ஒரு தனிப் புகழ் வந்துவிட்டது.

இந்தப் புகழ்பெற்ற 66 தானே எத்தனை ஊர்களைக் கைவிட்டது என்பதைப் பழம்பெருமை பேசுகிறவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

முதலில் சாண்டா ஃபே. நியூ மெக்சிகோவின் தலைநகரம். ஆரம்பத்தில் 66 வடக்கே சுற்றிக்கொண்டு அந்த ஊர் வழியாகப் போனது. 1926 நவம்பர் தேர்தலில் கவர்னர் ஹேனட் தோற்றுவிட்டார். சாண்டா ஃபே அரசியல்வாதிகள்தான் தன்னைத் தோற்கடித்தார்கள் என்று அவருக்குக் கோபம் என்று சொல்வார்கள். பதவி முடிய இரண்டு மாதம்கூட இல்லை. சாண்டா ரோசா பக்கத்திலிருந்து மொரியார்ட்டி வரை சுமார் 69 மைலுக்கு நேர்க்கோட்டில் ஒரு சாலை போடச் சொல்லி உத்தரவு போட்டார். சாண்டா ஃபேயைத் தொடாத சாலை! குளிர்காலம், பனி. இருக்கிற ஆட்களையும் இயந்திரங்களையும் இழுத்துவந்து புதிய கவர்னர் கையில் சாவி போவதற்குள் முடித்துவிட்டார்கள். 1937-ல் 66 என்ற எண்ணும் நேர்வழிக்கே மாறியது. தலைநகரமே பைபாஸ் ஆயிற்று. நம் அரசியலில் கோபத்தில் சாலையை நிறுத்துவார்கள், கோபத்தில் சாலை போட்டவரை நான் இங்கேதான் படித்தேன்.

அடுத்து காஃப்ஸ். அகரவரிசை ஊர்களில் ஒன்று. 1931-ல் சாலையை நேராக்கியபோது அந்த ஊர் விட்டுப்போயிற்று. அடுத்து ஓட்மன். தங்கச் சுரங்க ஊர். அங்கே போகும் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் பயங்கரமானவை, நானே கண்ணை மூடிக்கொண்டேன். 1950-களின் தொடக்கத்தில் மலையைச் சுற்றிக்கொண்டு யுக்கா என்ற ஊர் வழியாகச் சமவெளியில் புதுப் பாதை போட்டார்கள். ஓட்மன் காலியானது. சுரங்கக்காரர்கள் விட்டுப்போன கழுதைகளின் வாரிசுகள் மட்டும் இன்றும் தெருவில் திரிந்து, வருகிறவர்களிடம் தீனி கேட்கின்றன.

ஆனால் அந்தக் காலத்துப் பைபாஸில் ஒரு விஷயம் இருந்தது. பழைய சாலையில் வியாபாரம் போனால் புதிய சாலையின் ஓரத்துக்குப் போகலாம். இரண்டு பங்க், நாலு அறை, ஒரு பெயர்ப்பலகை, முடிந்தது. ஊர் ஒரு மைல் நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும். நம் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். பைபாஸ் திறந்த மறுவாரம் முனையில் டீக்கடை வரும், அப்புறம் பஞ்சர் கடை, பரோட்டா கடை, அப்புறம் பிளாட் கல் நடுவார்கள். நாங்கள் ஆபீசில் உட்கார்ந்து எரிச்சல்படுவோம். ஊருக்கு வெளியே கொண்டுபோன சாலையை ஊர் துரத்திக்கொண்டு வந்துவிட்டதே என்று. ஊர் பிழைக்கும் வழி அது என்று அந்தச் சமயத்தில் யார் யோசித்தார்கள்.

இந்த வழியைத்தான் 1956-ஆம் வருடச் சட்டம் அடைத்தது.

ஐசன்ஹோவர் 1919-ல் இளம் ராணுவ அதிகாரி. வாஷிங்டனிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு ராணுவ வண்டிகள் ஒரு சோதனைப் பயணம் போனபோது அவரும் கூடப் போனார். போய்ச் சேர 62 நாள் ஆயிற்று. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் ஆட்டோபான் சாலைகளையும் பார்த்தார். ஜனாதிபதி ஆனதும் 1956 ஜூன் 29-ல் நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 41,000 மைல் இன்டர்ஸ்டேட் சாலைகள். பெட்ரோல் வரி காலனுக்கு 2 சென்டிலிருந்து 3 சென்ட் ஆனது. செலவில் நூற்றுக்கு 90 மத்திய அரசு தரும், 10 மாநிலம் போட்டால் போதும்.

இந்தச் சாலையில் புதுமை அகலம் இல்லை, வேகமும் இல்லை. வேலி. குறுக்கே எந்தச் சாலையும் வெட்டாது, மேலே பாலத்தில் போகும் அல்லது கீழே போகும். பக்கத்து நிலத்துக்காரர் தன் வாசலைச் சாலைக்குத் திறந்துவிட முடியாது. அரசு இடம் குறித்துக் கட்டிய எக்ஸிட்டில் மட்டும்தான் ஏறலாம், இறங்கலாம். கூடவே அதே சட்டத்தில் இன்னொன்று: சாலைக்காக எடுத்த நிலத்துக்குள் பெட்ரோல் பங்கோ, ஹோட்டலோ, எந்த வியாபாரமும் கூடாது. இதன் நோக்கம் நல்லதுதான். அதற்கு முந்திய சுங்கச் சாலைகளில் உள்ளேயே ஒரே ஒரு கம்பெனிக்குக் கடை போடும் உரிமையைக் கொடுத்துவிட்டார்கள், வழியில் உள்ள ஊர்க்காரனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அப்படி ஆகக்கூடாது, வண்டிக்காரன் வெளியே வந்து ஊரில் சாப்பிடட்டும் என்று நினைத்தார்கள். நடந்தது வேறு. அவன் வெளியே வந்தான், ஊருக்குள் வரவில்லை. எக்ஸிட்டின் காலடியில் இருந்த நிலத்தைப் பெரிய கம்பெனிகள் வாங்கி, மூன்று மைலுக்கு அப்பாலிருந்தே தெரியும்படி கம்பத்தை உயர்த்தி, சிகாகோவில் தின்ற அதே ரொட்டியை அங்கேயும் விற்றன.

எக்ஸிட்டே இல்லாத ஊருக்கு அதுவும் இல்லை.

ஒரு விஷயத்தைத் துறைக்காரனாக நான் சொல்லாமல் இருக்க முடியாது. அந்தச் சாலை வந்தே ஆகவேண்டியிருந்தது. 66 பெரும்பாலும் இரண்டே தடம். லாரியின் பின்னால் பத்து மைல் ஊர்ந்து, பொறுமை இழந்து ஏறிப்போகிறவன் எதிரே வருகிறவனோடு நேருக்கு நேர் மோதுவான். சில பகுதிகளுக்கு 'ரத்தச் சாலை' என்றே பெயர். ஊருக்குள் குழந்தைகள் தெருவைக் கடப்பது இன்னொரு பயம். பைபாஸ் எத்தனை உயிரைக் காப்பாற்றியது என்பதற்குப் படம் எடுத்து மாட்ட முடியாது. மூடிய மோட்டலுக்கு மட்டும்தான் படம் எடுக்க முடியும். அதனால் கணக்கு எப்போதும் ஒருபக்கமாகச் சாய்ந்தே தெரிகிறது.

எங்கள் வேலையில் வண்டிகளை நிறுத்தி, எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று கேட்டு எழுதும் கணக்கெடுப்பு ஒன்று உண்டு. ஊரில் வேலை இல்லாமல் கடந்துபோகிற வண்டி நூற்றுக்கு 80 என்று வந்தால், பைபாஸ் நியாயம் என்று எழுதி அனுப்புவோம். பின்னாளில்தான் எனக்கு உறைத்தது, அதே 80-தான் ஊர் இழக்கப்போகிற தொகையும். எந்த எண் பைபாஸ் வேண்டும் என்று சொல்கிறதோ, அதே எண் ஊருக்கு என்ன ஆகும் என்பதையும் சொல்கிறது. அந்தத் தாளில் இரண்டாவது பத்தி எழுத இடம் விடுவதில்லை.

ஆனால் எல்லா ஊரும் ஒரே மாதிரி விழவில்லை. ஃபிளாக்ஸ்டாஃபுக்கு 1968-ல் பைபாஸ் வந்தது. அங்கே பல்கலைக்கழகம் இருக்கிறது, வானியல் ஆய்வகம் இருக்கிறது, ரயில் இருக்கிறது. லாரிகள் ஒழிந்தன என்று ஊர் மூச்சு விட்டது. வழிப்போக்கனைத் தவிர வேறு யாரும் இல்லாத ஊர்களுக்குத்தான் ஆபத்து.

ஆம்பாய் அப்படிப்பட்ட ஊர். பாலைவன நடுவில் ராய்ஸ் என்ற மோட்டல், சாப்பாட்டுக்கடை, பங்க், பட்டறை. பஸ்டர் பரிஸ் என்பவர் நடத்தினார், ஊரே ஏறக்குறைய அவருடையது. சுற்றிலும் வேறு நிழல் அதிகம் இல்லை என்பதால் இரவும் பகலும் வியாபாரம். வடக்கே பிரிஸ்டல் மலைகள். இன்டர்ஸ்டேட் 40 அந்தப் பக்கமாகப் போகவேண்டும் என்று முடிவானது. மலையை எப்படி வெட்டுவது? 1963-ல் ஒரு திட்டம் தயாரானது. நான் இதை முதலில் படித்தபோது யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். 22 அணுகுண்டுகளைப் புதைத்து வெடித்து, சாலைக்கும் ரயிலுக்கும் சேர்த்து மலையில் இரண்டு மைல் நீளத்துக்குப் பள்ளம் பறிப்பது. அமெரிக்க அணுசக்தி ஆணையம், சாண்டா ஃபே ரயில்வே, கலிஃபோர்னியா நெடுஞ்சாலைத் துறை மூன்றும் சேர்ந்து உட்கார்ந்து ஆய்வு செய்து, முடியும் என்று அறிக்கை கொடுத்தார்கள். ரயில் பாதையில் சுமார் 15 மைல் மிச்சமாகுமாம். ஆம்பாய் தெற்கே பக்கத்திலேயே இருக்கிறது. நல்லவேளை, நாள் தள்ளிக்கொண்டே போக, நெடுஞ்சாலைத் துறை காத்திருக்க முடியாமல் விலகி, சாதாரண வெடிமருந்தையும் இயந்திரங்களையும் வைத்தே மலையை வெட்டியது. 1973-ல் சாலை திறந்தது. அணுகுண்டு செய்திருக்க வேண்டியதை ஒரு ரிப்பன் செய்து முடித்தது. ஆம்பாயில் வண்டிகள் நின்றுபோயின.

ஊர்கள் சும்மா இருந்துவிடவில்லை. நியூ மெக்சிகோவில் டூக்கம்கேரி என்று ஓர் ஊர். 'இன்றிரவு டூக்கம்கேரி' என்று பல நூறு மைல் முன்னாலிருந்தே பலகை வைத்து ஆளை இழுக்கும் மோட்டல் ஊர். இப்படிப்பட்ட ஊர்களின் நெருக்குதலால் 1963-ல் அந்த மாநிலச் சட்டசபை, ஊர் சம்மதிக்காமல் அதைச் சுற்றி இன்டர்ஸ்டேட் பைபாஸ் போடக்கூடாது என்று சட்டமே இயற்றியது. எனக்குத் தெரிந்து பைபாஸுக்கு எதிராக இவ்வளவு துணிச்சலாக ஒரு சட்டசபை கையைத் தூக்கியது வேறெங்கும் இல்லை. இரண்டே வருடம். 1965-ல் சட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். சாலைக்கான மத்திய நிதி போய்விடும் என்று வாஷிங்டனிலிருந்து மிரட்டல். ரூபாய்க்கு 90 காசு கொடுப்பவன் சொல்வதை 10 காசு போடுபவன் எத்தனை நாள் எதிர்ப்பான்? பிறகு பேச்சுவார்த்தையில் இறங்கினார்கள். பைபாஸ் வேண்டாம் என்ற பேச்சு போய், பைபாஸ் எந்தப் பக்கம், ஊரிலிருந்து எவ்வளவு தூரம், எக்ஸிட் எத்தனை என்ற பேச்சு வந்தது. டூக்கம்கேரிக்குத் தெற்கே ஒட்டினாற்போல் சாலை போனது, 1981-ல்.

செலிக்மனுக்கு 1978 செப்டம்பர் 22. தேதியை ஊர்க்காரர்கள் மறப்பதில்லை. காரணம், இது படிப்படியாக நடந்ததில்லை. மழை பொய்த்து ஊர் காய்வதென்றால் வருடக்கணக்கு ஆகும், ஆலை நலிவதென்றால் முன்னாலேயே வதந்தி வரும். இங்கே காலையில் வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, சாயங்காலம் தெரு காலி. சாலை எங்கேயும் போகவில்லை, எதிரே கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன, ஒன்றும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. இருட்டினால் முகப்பு விளக்குகளும் தெரியும். கடைக்காரனுக்கு இதைவிடக் கொடுமை இருக்கிறதா தெரியவில்லை. பின்னாலேயே ரயில்வேயும் 1985-ல் அங்கே தன் வேலைகளை நிறுத்திக்கொண்டது. பெற்ற தாயும் வளர்த்த தாயும் ஏழு வருடத்துக்குள் கைவிட்டார்கள்.

அந்த ஊரில் ஏஞ்சல் டெல்காடியோ என்று ஒரு முடிதிருத்துபவர். 1927-ல் அங்கேயே பிறந்தவர், 66-ஐ விட ஒரு வயது சின்னவர். அண்ணன் ஹுவான் 1953-ல் ரயில்வேயில் கிடைத்த பழைய மரங்களை வைத்து ஒரு தின்பண்டக் கடை கட்டியவர். பெரிய குறும்புக்காரர். கதவில் இரண்டு கைப்பிடி வைப்பார், ஒன்று பொய். கடுகுச் சாறு பாட்டிலை அழுத்தினால் மஞ்சள் நூல் பாய்ந்து மேலே விழும். கடை திறந்திருப்பதற்கு மன்னிப்புக் கேட்டு ஒரு பலகை. நான் போனபோதும் பொய்க் கைப்பிடியைத்தான் பிடித்தேன்.

இவர்களைப் பற்றி அப்புறம். முதலில் வில்லியம்ஸ். செலிக்மனுக்கு நடந்ததை ஆறு வருடம் பக்கத்திலிருந்து பார்த்த ஊர். நீதிமன்றத்துக்குப் போனது. வழக்குமேல் வழக்கு. சாலையை நிறுத்த முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் தாமதம் செய்ய முடியும், தாமதத்துக்கு ஒரு விலை உண்டு. கடைசியில் மாநில அரசு மூன்று எக்ஸிட் தர ஒத்துக்கொண்ட பிறகு வழக்குகளைத் திரும்பப் பெற்றார்கள். அவ்வளவு சின்ன ஊருக்கு மூன்று! வரைபடத்தைப் பார்த்தால் 161, 163, 165 என்று இரண்டு மைலுக்கு ஒன்று. ஒரு துறைக்காரனுக்கு அதைப் பார்த்தவுடனே புரியும், இது போக்குவரத்துக் கணக்கில் வந்ததில்லை, மல்லுக்கட்டி வாங்கியது. திறப்பு விழாவுக்கு, இந்தச் சாலையைப் பற்றி 1946-ல் பிரபலமான பாட்டு எழுதிய பாபி ட்ரூப்பையும் அழைத்திருந்தார்கள். கல்யாணமா கருமாதியா என்று அவருக்கே குழப்பமாக இருந்திருக்கும். வில்லியம்ஸுக்கு இன்னொரு அதிர்ஷ்டம், கிராண்ட் கேன்யனுக்குப் போகும் பழைய ரயில் 1989-ல் மீண்டும் ஓட ஆரம்பித்தது.

செலிக்மனில் டெல்காடியோ வேறு வழி பிடித்தார். வண்டியைத் திருப்ப முடியாது, எக்ஸிட்டும் இருக்கிறது, ஆனால் இறங்குவதற்குக் காரணம் வேண்டும். 1987 பிப்ரவரியில் அந்த ஊரில் 15 பேர் கூடி ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். நீக்கிய எண்ணைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கவில்லை, 'வரலாற்றுச் சிறப்புமிக்க 66' என்று பலகை வையுங்கள் என்று மாநிலத்தைக் கேட்டார்கள். அந்த வருடக் கடைசியிலேயே செலிக்மனிலிருந்து கிங்மன் வரையிலான சாலைக்கு அந்தப் பெயர் கிடைத்துவிட்டது. மற்ற மாநிலங்களும் பின்பற்றின. 1999-ல் அமெரிக்க நாடாளுமன்றமே இந்தச் சாலையைப் பாதுகாக்க ஒரு சட்டம் போட்டது. எண்ணை நீக்கிய நாடு, எண் இருந்த இடத்துக்கு மரியாதை செய்ய ஆரம்பித்தது. நாற்காலி போட்டு ஒருவர் முடிவெட்டிக்கொண்டிருந்த கடைக்கு ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்தார்கள். 2006-ல் வந்த 'கார்ஸ்' என்ற கார்ட்டூன் படத்தின் இயக்குநரும் இவரிடம் வந்து உட்கார்ந்து கதை கேட்டுப்போனவர்தான். பேரப்பிள்ளைகளோடு அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காலியான ஊர் நினைவிருக்கும்.

செலிக்மன் பிழைத்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நான் பார்த்தவரை, பிழைத்தது கடைத்தெரு. நினைவுப்பொருள், காந்தச் சில்லு, பழைய கார், வண்ணம் பூசிய பொம்மைகள். முன்பு வண்டிக்காரன் பசித்ததால் நின்றான், இப்போது படம் எடுக்க நிற்கிறான். பட்டறை வேலையும் ரயில் வேலையும் திரும்பவில்லை. ஆனாலும் கதவு திறந்திருக்கிறது, அது சாதாரண விஷயம் இல்லை.

அதே சாலையில் மேற்கே இன்னும் முப்பது நாற்பது மைல் போனால் பீச் ஸ்பிரிங்ஸ். ஹுவாலபாய் பழங்குடியினரின் தலைமை இடம். அவர்கள் இந்த வகைக் கதையை மிக முன்பே பார்த்துவிட்டவர்கள். 1880-களில் ரயில்காரர்கள் அவர்களுடைய ஊற்றையும் நிலத்தையும் உரிமை கொண்டாடினார்கள். அந்த வழக்கு 1941-ல் உச்ச நீதிமன்றம் வரை போய், பழங்குடிக்கு நிலத்தில் ஆதி உரிமை உண்டு என்ற முக்கியமான தீர்ப்பு கிடைத்தது. பிறகு 66 வந்து பங்குகளும் கடைகளும் வந்தன. பழைய சாலை ரயிலோடு சேர்ந்து வடக்கே வளைந்து அந்த ஊரைத் தொடும், இன்டர்ஸ்டேட் அந்த வளைவை வெட்டிவிட்டு நேராகப் போயிற்று. செலிக்மனுக்கு இன்டர்ஸ்டேட் அருகில். வில்லியம்ஸுக்கு மூன்று எக்ஸிட். பீச் ஸ்பிரிங்ஸிலிருந்து இன்டர்ஸ்டேட் 20 மைலுக்கும் அப்பால். அங்கே எத்தனை எக்ஸிட் வேண்டும் என்று பேரம் பேசுவதற்குக்கூட விஷயம் இல்லை. பழம்பெருமை தேடி வரும் பஸ்கள் அதன் வழியாகத்தான் போகின்றன, நான் இருந்த அரைமணி நேரத்தில் ஒன்றும் நிற்கவில்லை. அந்த மக்கள் வேறு இடத்தில் வழி தேடிக்கொண்டார்கள். கிராண்ட் கேன்யன் விளிம்பில் 2007-ல் கண்ணாடி நடைபாலம் திறந்தார்கள், அது இந்தச் சாலையிலிருந்து வெகுதூரம்.

ஆம்பாயை 2005-ல் ஒரு கோழி உணவகத் தொடரின் முதலாளி 425,000 டாலருக்கு வாங்கினார். ஊர் முழுவதையும் சேர்த்து. பங்கைத் திறந்தார். 2019 நவம்பரில் ராய்ஸின் அந்த உயரமான பலகைக்கு மீண்டும் நியான் விளக்கு போட்டார்கள். பாலைவன இருட்டில் வெகு தூரத்திலிருந்து தெரிகிறது. பலகையில் மோட்டல் என்று எழுதியிருக்கிறது. விளக்கு எரிந்த அன்று அறைகளில் தங்க வசதி இல்லை. தண்ணீர் இன்னும் உப்புதான்.